ராப் புரதம் சுமை தூக்குவதில்லை

செல் தன் சவ்வை உட்குழித்து வெளிப்பொருளை விழுங்கும் விதத்தைச் சென்ற முறை பார்த்தோம். அப்பொருளைப் பிடிக்கும் சவ்வுப் புரதமான ஏற்பியும் கூடவே உள்ளே போகும். அதற்கு ஒரு நேயர் கேட்டிருந்தார்: "உள்ளே போன ஏற்பியைச் சுமந்து போவது ராப் புரதம்தானே? திருப்பி அனுப்புவதா, அழிப்பதா என்று அதற்கு எப்படித் தெரியும்?" இரண்டு நாளாக இதே நினைப்புதான் எனக்கு.

ராப் சுமப்பதில்லை. சுமப்பவை கைனசின், டைனீன் என்னும் மோட்டார் புரதங்கள். ராப், சரக்குப் பையின் சவ்வின் மேல் உட்கார்ந்து, இப்போது யார் வர வேண்டுமோ அவர்களைக் கூப்பிடுகிறது. முன்பும் சொல்லியிருக்கிறேன், மறுபடி சொல்கிறேன்: அது கூப்பிடுகிற புரதம்.

மனித செல்களில் 60-க்கும் மேற்பட்ட ராப்கள் உண்டு. உள்ளே வந்த சரக்கு முதலில் சேரும் சவ்வுப் பையான எண்டோசோமில் இருப்பது ராப்5. செல்லின் அழிப்புக் கூடமான லைசோசோமை நோக்கிப் போகும் எண்டோசோமில் ராப்7. முதல் எண்டோசோம் இரண்டாவதற்குச் சரக்கைக் கைமாற்றுகிறது என்றுதானே தோன்றும்? 2005-இல் உயிருள்ள செல்லைப் படம்பிடித்துப் பார்த்தார்கள். அதே எண்டோசோமிலிருந்து ராப்5 விலக, ராப்7 வந்து அமர்ந்தது. ராப்5 கூப்பிடும் மான்1-சிசிஇசட்1 என்ற புரத ஜோடிதான் ராப்7-ஐ விழிக்க வைக்கிறது. தன் இடத்துக்கு வரப்போகிறவரையும் அதுவே அழைக்கிறது, பாருங்கள்!

சரி, முடிவெடுப்பது யார்? ராப் மட்டும் இல்லை. யுபிக்விட்டின் என்ற சிறு அடையாளப் புரதம் ஒட்டிய ஏற்பிகள் எண்டோசோமின் உட்பக்கம் இழுக்கப்பட்டு அழிவுக்குப் போகின்றன. மற்றவை மெல்லிய குழாய்கள் வழியே பிரிந்து மேற்பரப்புக்குத் திரும்புகின்றன. அங்கே ராப்4, ராப்11, ஈஎச்டி1 என்ற வேறொரு புரதம் எல்லாம் வேலை செய்கின்றன.

ஆனால் எனக்குப் பிடித்த கேள்வி வேறு: ஓர் ஏற்பி எத்தனை தடவை திரும்பி வரும்? கொழுப்பைச் சுமக்கும் எல்டிஎல் துகளைப் பிடிக்கும் ஏற்பியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-இல் நோபல் வாங்கித் தந்த ஆய்வில் வருவது இதுதான். எண்டோசோமின் அமிலத்தில் துகளை விட்டுவிட்டு வெறுங்கையோடு மேலே வரும். ஒரு சுற்றுக்குச் சுமார் 10 நிமிடம். சுமார் 20 மணி நேர ஆயுளில் நூறு தடவைக்கு மேல் போய் வந்துவிடும்! பிசிஎஸ்கே9 என்ற புரதம் ஒட்டிக்கொண்டால் மட்டும் கதை மாறும். துகள் விடுபடும் அதே அமிலத்தில் இதன் பிடி இன்னும் இறுகும். ஏற்பி திரும்பாமல் லைசோசோமில் அழியும். அந்தப் பிடியைத் தடுக்கும் எதிர்ப்பொருள் மருந்துகள் 2015 முதல் பயன்பாட்டில் இருக்கின்றன. அவை புது ஏற்பியைத் தருவதில்லை. இருக்கிற ஏற்பியைத் திரும்பி வர விடுகின்றன, அவ்வளவுதான். இரத்தத்தில் எல்டிஎல் இறங்கிவிடுகிறது.