செக்யூரிட்டி பிளஸ் தேர்வின் தந்திரக் கேள்விக்கு விடை கல்லணையில் இருக்கிறது!

[திரையில்: கல்லணை மதகுகள், தண்ணீர் இரைச்சல்]

90 நிமிடம். அதிகபட்சம் 90 கேள்விகள். 750 எடுத்தால் தேர்ச்சி. 749 என்றால் மறுபடியும் முழுக் கட்டணம். கம்ப்டியா அமைப்பு நடத்தும், கணினிப் பாதுகாப்பு வேலைக்கான சான்றிதழ் தரும் செக்யூரிட்டி பிளஸ் தேர்வைத்தான் சொல்கிறேன். இதில் பலரைக் கவிழ்க்கும் கேள்விக்கு விடை எங்கே தெரியுமா? தஞ்சாவூர், திருச்சிப் பிள்ளைகள் சுற்றுலா போய் மீன் வறுவல் தின்றுவிட்டுத் திரும்புகிற அதே கல்லணையில்.

பின்னணியை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். தேர்வின் 701 பதிப்பு 2023 நவம்பரில் வந்தது, ஐந்து பிரிவுகள், மதிப்பெண் 100 முதல் 900 வரை, சான்றிதழ் மூன்று ஆண்டுகள் செல்லும், பாடத்திட்டம் கம்ப்டியா தளத்தில் இலவசம். போதும், ஆற்றுக்குப் போவோம்.

தேர்வு தொடங்கியதும் பெரும்பாலும் செய்முறைக் கேள்விகள்தான் முன்னால் வந்து நிற்கும். திரையில் ஓர் அட்டவணை: எங்கிருந்து, எங்கே, எந்த போர்ட் (ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் எண்), அனுமதியா தடையா. இந்த ஃபயர்வால் விதிகளைச் சரியாக அமையுங்கள் என்பார்கள். ஃபயர்வால் என்றால் நெட்வொர்க்கின் வாசலில் நின்று எதை விடுவது, எதைத் தடுப்பது என்று பார்க்கும் காவலாளி. விதிகள் எல்லோருக்கும் தெரியும். வரிசையில்தான் வழுக்கும்.

மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்ததும் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரிகிறது. பாசனத்துக்கு வேண்டியது முதல் மூன்றில் போகும். வெள்ளக் காலத்தில் வயலுக்கு வேண்டாத மிச்சமெல்லாம் கொள்ளிடத்தில் தள்ளப்பட்டுக் கடலுக்குப் போய்விடும். ஃபயர்வாலும் அப்படித்தான். வருகிற ஒவ்வொரு பாக்கெட்டையும், அதாவது தரவுத் துண்டையும், பட்டியலின் மேலிருந்து ஒவ்வொரு விதியோடும் ஒப்பிடும். முதலில் எது பொருந்துகிறதோ அதோடு முடிந்தது. கீழே என்ன எழுதியிருந்தாலும் எட்டிப் பார்க்காது. எதிலும் பொருந்தாமல் மிஞ்சியது, யாரும் எழுதாமலேயே கடைசியில் காத்திருக்கும் ‘எல்லாம் தடை’ என்ற விதியில் போய் விழும். அதுதான் நம் கொள்ளிடம்! அந்தத் தடையைத் தூக்கி முதல் வரியில் வைத்துப் பாருங்கள்: கடைமடைக்குச் சொட்டுத் தண்ணீர் போகாது. அட்டவணையில் பத்து அனுமதிகள் அழகாக வரிசையில் நிற்கும், ஒன்றும் வேலை செய்யாது.

ஓரிடத்தில் மட்டும் ஃபயர்வால் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறது. கரூர்ப் பக்கம் வந்து கலந்த அமராவதித் தண்ணீரையும் மேட்டூர்த் தண்ணீரையும் கல்லணை மதகால் பிரித்தறிய முடியாது. ஃபயர்வாலோ பாக்கெட்டின் நெற்றியில் எழுதியிருக்கும், எங்கிருந்து வருகிறது என்று சொல்லும் ஐபி முகவரியைப் படித்துவிடும். அந்த முகவரியையே பொய்யாக எழுதி அனுப்பும் ஆட்களும் உண்டு. அதற்குத் தனி வீடியோ போடுகிறேன், சேனலைப் பின்தொடருங்கள்.

தேர்வின் வரிசைப் பைத்தியம் ஃபயர்வாலோடு விடாது. மன்னார்குடியில் ஓர் அரிசி ஆலை என்று வைத்துக்கொள்வோம். கணக்கெழுதும் கணினியில் கோப்புகளெல்லாம் பூட்டிக்கொண்டு, பணம் கொடு என்று சிவப்பு எழுத்தில் அறிவிப்பு. முதலில் என்ன செய்வீர்கள்? காப்புப் பிரதியை மீட்பதா, ஆன்டிவைரஸ் ஓட்டுவதா, போலீஸுக்குச் சொல்வதா, நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குவதா? நான்குமே நியாயமானவைதான். ஆனால் முதலில் கேபிள்! பக்கத்துக் கணினிக்குப் பரவவிடாமல் அடைத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

போர்ட் எண்களை மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும்: 22, 53, 443, 3389. வேறு வழியில்லை.

கேள்வித்தாள் விற்பவர்களிடம் போகாதீர்கள். பிடிபட்டால் சான்றிதழையே ரத்து செய்துவிடுவார்கள். அந்தப் பணத்துக்குப் பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு நீங்களே ஃபயர்வால் விதி எழுதிப் பழகலாம்.

வீட்டிலிருந்தே எழுதலாமா? எழுதலாம். கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும், அறைக்குள் வேறு யாரும் வரக் கூடாது. “தம்பி, காபி ஆறுகிறது” என்று அம்மா கதவைத் திறந்தால் தேர்வே நின்றுபோகலாம். ஆடி மாத ஒலிபெருக்கியும் ஐப்பசி மழையில் போகும் கரண்டும் உங்கள் ஊரில் எப்படி என்று உங்களுக்கே தெரியும். நான் மையத்துக்குப் போகத்தான் சொல்வேன்.

செய்முறைக் கேள்வியில் மாட்டிக்கொண்டால் குறியிட்டுவிட்டு நகருங்கள், கடைசியில் திரும்பி வரலாம்.

இப்போது உங்கள் முறை. விதி ஒன்று: 443 எல்லோருக்கும் அனுமதி. விதி இரண்டு: விருந்தினர் வைஃபையிலிருந்து வரும் எதற்கும் தடை. விதி மூன்று: 22 எல்லோருக்கும் அனுமதி. விருந்தினர் வைஃபையில் இருப்பவர் 443, 22 இரண்டையும் தட்டுகிறார். எது திறக்கும்? காரணத்தோடு கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். காரணம் இல்லாத விடைக்கு மதிப்பெண் கிடையாது!