வெயில் எங்கே, பறவை எங்கே, நாம் எங்கே

அனைவருக்கும் வணக்கம்.

"படம் ஷார்ப்பாகத்தான் வந்திருக்கிறது, நிறம்தான் வரவில்லை." சேலத்தில் பறவைப் படம் எடுப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தக் குறை காதில் விழாமல் இருக்காது. உடனே பேச்சு லென்ஸ் விலைக்குப் போகும், இல்லையென்றால் எடிட்டிங் மென்பொருளுக்குப் போகும். அதற்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியது வேறு. ஷட்டரை அழுத்தியபோது வெயில் எந்தப் பக்கம் இருந்தது, பறவை எப்படித் திரும்பியிருந்தது, நீங்கள் எங்கே நின்றீர்கள்? நிறம் முக்கால்வாசி அங்கேயே முடிவாகிவிடுகிறது. மீதிக் கால்வாசிக்குத்தான் கேமராவும் கம்ப்யூட்டரும்.

முதலில் நம் ஊர் வெயிலைப் பார்ப்போம். சேலம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 11.7 டிகிரியில் இருக்கிறது. இங்கே சூரியன் சாய்வாக ஊர்ந்து ஏறுவதில்லை. காலையில் மணிக்கு 12 முதல் 15 டிகிரி வரை என்று விறுவிறுவென்று ஏறிவிடும். குளிர் நாடுகளில் இருந்து வரும் காணொளிகளில் சொல்கிற நீண்ட பொன்வெயில் நமக்குக் கிடையாது. ஜனவரி நடுவில் 6.40 வாக்கில் உதிக்கிற சூரியன் 9 மணிக்கு 30 டிகிரி உயரத்தில் நிற்கும். ஏப்ரல் 20 வாக்கில் அதே உயரத்தை 8.10க்கே தொட்டுவிடும், 9 மணிக்கு 42 டிகிரி. இந்த 30 டிகிரிக் கணக்கை மனதில் வையுங்கள். அதற்குக் கீழே இருக்கும்வரை வெயில் பறவையின் மார்பிலும் கண்ணிலும் விழும். மேலே போகப் போகத் தலையும் முதுகும் வெளுக்கும், வயிறும் கண்ணும் இருட்டாகும். ஏப்ரல் 21, ஆகஸ்ட் 22ஐ ஒட்டிய நாட்களில் நண்பகலில் சூரியன் நம் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் எந்தப் பறவை வந்து உட்கார்ந்தாலும் கண்ணுக்குள் ஒளிப்புள்ளி விழாது; கண்ணில் உயிர் இல்லாத படம்தான் கிடைக்கும்.

ஆகவே கோடையில் 7 மணி பஸ் பிடித்து, 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏற்காட்டில் இறங்கி டீ குடித்துவிட்டுக் கேமராவை எடுத்தால், எடுக்க வேண்டிய வெயில் போய்விட்டிருக்கும். முதல் நாள் மாலையே மேலே போய்விடுங்கள். இன்னொன்று, மலையில் எல்லாச் சரிவுக்கும் ஒரே நேரத்தில் வெயில் வராது. கிழக்கே முகடு மறைக்கிற சரிவில் வெயில் விழும்போது சூரியன் ஏற்கெனவே உயர்ந்திருக்கும். அந்த இடங்களை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் 4 மணியிலிருந்து, ஏப்ரலில் 4.30லிருந்து.

இனி ஏரிக்கு வருவோம். மூக்கனேரியானாலும் பனமரத்துப்பட்டியானாலும் காலையில் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை. உங்கள் நிழல் தரையில் நீண்டு பறவையைச் சுட்டிக்காட்டும்படி நில்லுங்கள். நிழல் பக்கவாட்டில் விழுந்தால் பறவையின் பாதி உடல் இருட்டில் இருக்கிறது என்று பொருள். தாழ்ந்த வெயிலில் தண்ணீரும் நமக்கு உதவும். நீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கொக்கின் வயிற்றையும் இறக்கையின் அடிப்பக்கத்தையும் கீழிருந்து நிரப்பும். அதனால்தான் ஏரியில் பறக்கும் கொக்கு, வயல்மேல் பறக்கும் கொக்கைவிட அழகாகப் பதிவாகிறது.

இந்தக் கொக்கிடம்தான் பலரும் தோற்கிறார்கள். காரணம் எளிது. கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் தன் முன்னால் இருக்கும் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக ஆக்கப் பார்க்கும். இருண்ட நீர்ப்பரப்பில் சிறிய வெள்ளைக் கொக்கு நின்றால், நீரைப் பார்த்து எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதிவாகும் வெளிச்சத்தின் அளவை, கூட்டும். கொக்கு வெந்து, அதாவது வெறும் வெள்ளையாகி, இறகுக்கோடு ஒன்றுகூடத் தெரியாது. அதே கொக்கு எழும்பி வெளுத்த வானத்துக்கு வந்தால், வானத்தைப் பார்த்துக் குறைக்கும், கொக்கு சாம்பலாகிவிடும். கொக்கின்மேல் விழுகிற வெயில் மாறவே இல்லை, மாறியது பின்னணி. ஆகவே வெயில் நிலையாக இருக்கும்போது எல்லா அளவையும் நாமே முடிவு செய்யும் மேனுவல் மோடில் வையுங்கள், கேமரா தானாக ஒளியுணர்வை மாற்றும் ஆட்டோ ஐஎஸ்ஓவையும் அணைத்துவிடுங்கள். தெளிந்த வெயிலில் ஐஎஸ்ஓ 400, லென்ஸ் திறப்பு எஃப் 8 என்றால் நடுத்தர நிறப் பறவைக்கு ஷட்டர் ஸ்பீடு 1/1600 நொடி. வெள்ளைப் பறவைக்கு 1/2500 அல்லது 1/3200. உதித்து அரை மணி நேரத்தில் வெளிச்சம் இதைவிட இரண்டு ஸ்டாப் வரை குறைவாக இருக்கும்; ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி. அப்போது ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். ஒரு படம் எடுத்துத் திரையில் ஹைலைட் எச்சரிக்கையை, அதாவது வெந்த இடங்கள் மினுக்கிக் காட்டுவதை, பாருங்கள். கொக்கின் உடலில் எங்காவது மினுக்கினால் மூன்றில் ஒரு பங்கு ஸ்டாப் குறைத்து மறுபடி பாருங்கள். மினுக்கல் நின்ற இடம்தான் உங்கள் எக்ஸ்போஷர். மேகம் மூடினால் முதலிலிருந்து செய்ய வேண்டும், வேறு வழியில்லை.

கொக்குக்குப் பக்கத்தில் நீர்க்காகமும் உட்கார்ந்திருந்தால்? வெள்ளைக்கே வையுங்கள். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் கறுப்பைப் பிறகு தூக்கி எடுக்கலாம். வெந்துபோன வெள்ளையில் மீட்க எதுவும் இருக்காது.

9 மணிக்குமேல் ஏரியில் இன்னொரு தொல்லை. தரை சூடேறிக் கானல் எழும்பும். தொலைவில் மண்திட்டு மரத்தில் இருக்கும் பறவை எத்தனை விலையுள்ள லென்ஸிலும் நெளியும். ஷட்டர் ஸ்பீடு இதைத் தீர்க்காது.

இப்போது நான் அதிகம் பேச விரும்பும் பகுதிக்கு வருகிறேன். எல்லா நிறமும் ஒரே விதமாக உண்டாவதில்லை. மாங்குயிலின் மஞ்சளும் மின்சிட்டின் செம்மையும் உணவிலிருந்து வரும் நிறமிகள். கரிச்சானின் கறுப்பும் ஒரு நிறமிதான், மெலனின். மீன்கொத்தியின் நீலமும் பனங்காடையின் நீலமும் அப்படியல்ல. அங்கே நீல நிறமியே கிடையாது. இறகிழைக்குள் பஞ்சு போன்ற நுண்ணிய காற்றறைகள் நீல ஒளியை மட்டும் வலுவாகத் திருப்பி அனுப்புகின்றன. தேன்சிட்டு மூன்றாவது வகை. இறகின் நுண்கிளைகளில் மெலனின் துகள்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கும். அந்த அடுக்குகளில் ஒளி மோதித் திரும்பும் கோணத்துக்கு ஏற்ப நிறம் பிறக்கும், மாறும், மறையும். மயில்கழுத்து நிறப் பட்டுச் சேலையை மடிப்பு மாற்றிப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

காப்பித் தோட்டத்து முள்முருங்கை பூத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செந்நிறப் பூங்கொத்தில் ஆண் ஊதாத் தேன்சிட்டு ஒன்று, இனப்பெருக்கக் காலத்து உடையில். வெயில் அதற்குப் பின்னால் இருந்தால் உங்களுக்குக் கிடைப்பது கறுப்புப் பொம்மை. வெயில் பக்கவாட்டில் இருந்தால் தோளில் ஒரு கோடு மட்டும் பச்சையாக மின்னும். சூரியன் உங்கள் முதுகுக்கு நேர் பின்னால் தாழ்ந்து இருந்து, பறவை உங்களைப் பார்த்து மார்பைத் திருப்பினால்தான் தொண்டை ஊதாவாகவும் தலை நீலப்பச்சையாகவும் எரியும். அதுவும் ஒரு நொடிக்கும் குறைவாக. தலை கொஞ்சம் திரும்பினால் மறுபடி கறுப்பு. ஆகவே பறவையைத் துரத்தாதீர்கள். வெயில் விழும் ஒரு பூங்கொத்தைத் தேர்ந்தெடுத்து, சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு, சற்றுத் தள்ளி நின்று காத்திருங்கள். தேன்சிட்டு அதே கொத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். 1/2000க்குக் குறையாமல் வைத்து, திரும்பும்போது தொடர்ச்சியாக எடுங்கள். பத்தில் எட்டு கறுப்பாகத்தான் இருக்கும். மீதி இரண்டு போதும். கறுப்பாக வந்த படத்தை எடிட்டிங்கில் ஊதாவாக்க முடியாது. அந்த ஒளி லென்ஸுக்குள் வரவே இல்லை.

மீன்கொத்திக்கு இந்தச் சிரமம் இல்லை. அதன் நீலம் கோணம் மாறினாலும் பெரிதாக மாறாது. உச்சி வெயிலில் முதுகு பளபளத்து வெளுக்கும். மெல்லிய மேகம் மூடிய வானத்தில் நீலம் முழுதாக, ஒரே சீராக வரும். இதனால்தான் மேகமூட்டமான காலையில் நான் ஏரிக்குப் போகச் சொல்வேன், தேன்சிட்டுக்குப் போகச் சொல்லமாட்டேன்.

சிவப்பில் வேறொரு பொறி இருக்கிறது. வெயிலில் ஆண் மின்சிட்டை எடுத்தால், படத்தின் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் சரியாக இருப்பதுபோலத் தெரியும், படத்தில் மார்பு சிவப்பு மை கொட்டியதுபோல் தட்டையாக இருக்கும். பொது ஹிஸ்டோகிராமில் பச்சையின் பங்கே அதிகம். சிவப்பு மட்டும் நிரம்பி வழிவதை அது காட்டாது. மூன்று நிற ஹிஸ்டோகிராமைத் திறந்து சிவப்பைப் பாருங்கள். கேமராவில் தெரியும் ஹிஸ்டோகிராம் ஜேபெக் படத்திலிருந்து வருவது என்பதால், கேமரா தானாக நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் பிக்சர் ஸ்டைலை நியூட்ரலில் வைத்தால்தான் அது ஓரளவு உண்மை பேசும். மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப் குறைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்தது ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் தனிச் சிக்கல், காப்பித் தோட்டத்து நிழல். மேலே சில்வர் ஓக், அதில் மிளகுக்கொடி, கீழே காப்பிச் செடி. இலைகளை ஊடுருவி வரும் வெளிச்சம் பச்சையேறி வரும். இடையிடையே வெயில் புள்ளிகள். வெயில் புள்ளிக்கும் நிழலுக்கும் நாலு ஸ்டாப் வித்தியாசம் சாதாரணம். ஆறுமணிக்குருவியின் முதுகில் ஒரு புள்ளி விழுந்தால் அந்த இடம் வெந்துவிடும். பறவை முழு நிழலுக்கோ முழு வெயிலுக்கோ நகரும்வரை பொறுங்கள். முழு நிழலே மேல் என்பது என் கருத்து. நிறம் அமைதியாகப் பதிவாகும். எஃப் 5.6, 1/250, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200 வரை போக வேண்டியிருக்கும். நாய்ஸுக்கு, அதாவது படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகளுக்கு, பயந்து குறைவாக எக்ஸ்போஸ் செய்து பிறகு தூக்கினால் நாய்ஸும் அதிகம், நிறமும் சேறாகும்.

வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை இங்கே ஆட்டோவில் விடாதீர்கள். சீகாரப் பூங்குருவி ஓடைப் பாறையில் நிற்கும்போது படம் முழுக்கக் கருநீலமும் பாசியும். கேமரா அதை வண்ணக் கறை என்று எண்ணி நீலத்தைத் துடைத்துவிடும். நெற்றியிலும் தோளிலும் இருக்கும் ஒளிர்நீலம் சாம்பலாகும். நேர் வெயிலுக்கு 5200 முதல் 5500 கெல்வின், மேகமூட்டத்துக்கு 6500, திறந்த வானத்தின் நிழலுக்கு 7000க்கு மேல். இலை நிழலில் கெல்வின் மட்டும் போதாது. பச்சைக்கும் மெஜந்தாவுக்கும் (ஊதாச் சிவப்புக்கும்) இடையே நகரும் டின்ட்டை மெஜந்தா பக்கம் சற்று நகர்த்த வேண்டும். சாம்பல் அட்டை ஒன்று பையில் இருக்கட்டும். பறவை போனபிறகு அதே நிழலில் அட்டையை வைத்து ஒரு படம் எடுத்துவிட்டால், வீட்டில் ஊகிக்க வேண்டியதில்லை. உதயத்து மஞ்சளை மட்டும் முழுக்க நீக்கிவிடாதீர்கள். அது கறை அல்ல, அந்த நேரத்தின் நிறம்.

நிழல் இருட்டாக இருக்கிறதே, ஃபிளாஷ் போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். இன்னும் சிலர் பறவையை வெளிச்சத்துக்கு வரவழைக்க அதன் குரலை மொபைலில் ஒலிக்கவிடுகிறார்கள், கூட்டைச் சுற்றி இலையைக் கழிக்கிறார்கள். இவை படமெடுப்பே அல்ல. இலை கழித்த கூட்டைக் காக்கை கண்டுபிடித்துவிடும்; வெயில் குஞ்சுகளை வாட்டும். வெளிச்சம் இல்லையென்றால் அன்று அந்தப் படம் இல்லை, அவ்வளவுதான்.

மூடுபனிக்கு இரண்டு சொல். பனி பிரகாசமானது, மீட்டர் அதைக் கண்டு குறைத்துவிடும். முக்காலிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள். 10 மீட்டரில் இருக்கும் சின்னானுக்கு நிறம் இருக்கும், 30 மீட்டரில் இருப்பதற்கு இருக்காது. அதை எடிட்டிங்கில் பனி நீக்கும் டிஹேஸ் போட்டு இழுத்தால் பறவையைச் சுற்றிக் கருவளையம் தெரியும். ஏசி காரில் மலை ஏறினால் குளிர்ந்த லென்ஸில் ஈரம் படியும். பாதி மலையிலேயே ஏசியை அணைத்துவிடுங்கள்.

கடைசியாகக் கம்ப்யூட்டர். மீன்கொத்தியின் நீலமும் மின்சிட்டின் சிவப்பும் சாதாரணத் திரைகள் காட்டக்கூடிய நிறங்களின் எல்லையான எஸ்ஆர்ஜிபியை முட்டுகிற நிறங்கள். சாச்சுரேஷனை (நிறச்செறிவை) கூட்டினால் நிறம் கூடாது, இறகுக்கோடுதான் அழியும். மாறாக அந்த ஒரு நிறத்தின் ஒளியளவை மட்டும் சற்று இறக்கிப் பாருங்கள். அடர்த்தி தானாகத் தெரியும். மானிட்டர் வெளிச்சம் 100 முதல் 120 நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) போதும். அதற்குமேல் வைத்துத் திருத்தினால் பிரிண்ட் இருண்டுதான் வரும். பெரிய பிரிண்ட் போடுமுன் கொக்கு, மின்சிட்டு, மீன்கொத்தி மூன்றையும் ஒரே தாளில் சிறிதாக அச்சிட்டு வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளையில் கோடு தெரிகிறதா, சிவப்பில் இறகு தெரிகிறதா, நீலம் ஊதாவுக்குச் சாய்கிறதா என்று பார்த்து, திருத்த வேண்டியதைத் திருத்திவிட்டுப் பிறகு ஆர்டர் கொடுங்கள்.