சூடானதும் இழுவை இழக்கும் பழைய பிக்அப்: காரணத்தைக் கண்டுபிடிக்கும் முறை

[காட்சி: பானெட் திறந்த நிலையில் 1990-களின் தொடக்கத்துச் செவ்ரோலே சி-1500 பிக்அப்]

காலையில் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் உடனே பிடித்துக்கொள்கிறது, முதல் சில கிலோமீட்டர் வரை வண்டி நன்றாகவே இழுக்கிறது. ஆனால் டாஷ்போர்டில் வெப்பமானி முள் நடுப்பகுதியை எட்டிய பிறகு, மேட்டில் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் கூடுவதில்லை. இந்தப் புகாரோடு பட்டறைக்கு வரும் வண்டிகளில் பிளக், பிளக் வயர், ஃபில்டர், பெட்ரோல் பம்ப் என ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதே பொதுவான வழக்கமாக இருக்கிறது. உரிமையாளரின் பணம் கரைகிறது, கோளாறோ அப்படியே நிற்கிறது. சூட்டில் மட்டும் தலைகாட்டும் கோளாறை ஆறிய வண்டியில் தேடினால் அகப்படாது. ஆகவே இந்த வீடியோவில் வரும் சோதனைகளில் பெரும்பாலானவற்றை, இழுவை குறைந்திருக்கும் அதே நேரத்தில்தான் செய்யப் போகிறோம்.

நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 5.7 லிட்டர் வி-8 பெட்ரோல் இன்ஜின் பொருத்திய வண்டி. 1988 மாடலில் அறிமுகமான இந்த உடலமைப்பில் 1995 மாடல் வரை த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் முறை இருந்தது. கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே இரண்டு இன்ஜெக்டர்கள் மேலிருந்து பெட்ரோலைத் தெளிக்கும் எளிமையான அமைப்பு இது. ஏர் கிளீனரைக் கழற்றினாலே தெளிப்பைக் கண்ணால் பார்க்கலாம் என்பதால், கற்றுக்கொள்வதற்கு இதைவிட நல்ல இன்ஜின் கிடைப்பது அரிது.

[காட்சி: டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள 12 துளை கனெக்டர்]

இன்ஜின் சூடாகும்போது என்னென்ன மாறுகிறது என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும். குளிர்ந்த நிலையில் கம்ப்யூட்டர் தன்னிடம் பதிந்துள்ள அட்டவணைப்படி பெட்ரோலை அளந்து கொடுக்கிறது. சூடான பிறகு, புகைபோக்கும் குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் சொல்வதை நம்பி அந்த அளவைத் திருத்தத் தொடங்குகிறது. அதுவரை மூடியிருந்த இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்ஜினுக்குள் விடும் வால்வு) திறக்கத் தொடங்குவதும், ஸ்பார்க்கைச் சிலிண்டர்களுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் இக்னிஷன் மாட்யூல் என்ற மின்னணுப் பகுதி கொதிப்பதும், தொட்டிக்குள் பெட்ரோல் பம்பின் மோட்டார் சூடேறுவதும் ஏறக்குறைய இதே நேரத்தில்தான்.

முதலில் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருப்பதைப் படிப்போம். இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆன் நிலையில் வைத்து, டாஷ்போர்டுக்கு அடியில் உள்ள 12 துளை கனெக்டரின் மேல் வரிசையில் வலது ஓரத்தில் உள்ள ஏ, பி என்ற இரண்டு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தால், 'சர்வீஸ் இன்ஜின் சூன்' விளக்கு கண்சிமிட்டத் தொடங்கும். ஒரு சிமிட்டல், இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12. அது மும்முறை வரும். அதன்பின் வருபவைதான் சேமிக்கப்பட்ட கோளாறு எண்கள். 42 அல்லது 43 வந்தால் ஸ்பார்க் நேரக் கட்டுப்பாட்டையும், 44 அல்லது 45 வந்தால் ஆக்சிஜன் சென்சார் காட்டும் பெட்ரோல்-காற்றுக் கலவையையும் கவனிக்க வேண்டும். எண் எதுவும் இல்லை என்பதற்காக வண்டியில் குறையில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே இந்தக் கம்ப்யூட்டருக்குக் கிடையாது.

[காட்சி: இன்ஜின் ஓடும் நிலையில் சிமிட்டும் விளக்கு, அருகில்]

பலருக்கும் தெரியாத இன்னொரு வசதியும் இதில் உண்டு. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது அதே இரு முனைகளை இணைத்தால், கம்ப்யூட்டர் அட்டவணைப்படி இயங்கும் வரை விளக்கு விநாடிக்கு இரண்டரை முறை வீதம் வேகமாகவும், ஆக்சிஜன் சென்சாரை நம்பத் தொடங்கியதும் விநாடிக்கு ஒருமுறை நிதானமாகவும் சிமிட்டும். விளக்கின் வேகம் மாறும் அந்தக் கட்டத்திலேயே இன்ஜினின் ஓட்டமும் தடுமாறினால், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. விளக்கு பெரும்பாலும் அணைந்தே இருந்தால் பெட்ரோல் குறைவான கலவை, பெரும்பாலும் எரிந்துகொண்டே இருந்தால் பெட்ரோல் மிகுந்த கலவை என்று பொருள்.

அடுத்து, சூடான இன்ஜினில் ஆக்சிஜன் சென்சாரின் ஒற்றை வயரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். இழுவை திரும்பினால் கம்ப்யூட்டர் செய்த திருத்தம்தான் தவறு என்பது உறுதியாகிறது. ஆனால் சென்சார்தான் கெட்டது என்று அதற்குள் முடிவெடுக்க வேண்டாம். புகை வெளியேறும் மேனிஃபோல்டில் ஒரு சிறு விரிசல் வழியாக வெளிக்காற்று புகுந்தாலும் சென்சார் பொய்யான தகவலைத்தான் தரும். இங்கே நான் மிகவும் பயனுள்ளதாகக் கருதும் ஒரு குறிப்பைச் சொல்ல வேண்டும்: ஆக்சிலேட்டரை முழுவதும் மிதிக்கும்போது கம்ப்யூட்டர் இந்தச் சென்சாரைப் பொருட்படுத்துவதில்லை. எனவே பாதி மிதியில் சோர்ந்து, முழு மிதியில் ஓரளவு உயிர்பெறும் வண்டிக்குச் சென்சார் பக்கமும், முழு மிதியில்தான் மோசமாகிறது என்றால் பெட்ரோல் அழுத்தம், ஸ்பார்க், புகை வெளியேறும் வழி ஆகியவையும் முதலில் பார்க்க வேண்டியவை.

கூலன்ட் வெப்ப சென்சாரையும் விட்டுவிடாதீர்கள். டாஷ்போர்டு முள்ளுக்கு வேறு சென்சார், கம்ப்யூட்டருக்கு வேறு சென்சார் என்பதால், முள் சரியாக நிற்பது எதையும் நிரூபிக்காது. கம்ப்யூட்டருக்கான இரண்டு வயர் சென்சாரின் மின்தடை 20 டிகிரி செல்சியஸில் சுமார் 3,500 ஓம், 100 டிகிரியில் சுமார் 180 ஓம் இருக்க வேண்டும்.

[காட்சி: டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, மாட்யூலைக் காட்டுதல்]

இக்னிஷன் மாட்யூல் சூட்டில் செயலிழந்தால் வண்டி நின்றுவிடும் என்றே பலரும் நினைக்கிறார்கள். எப்போதும் அப்படி நடப்பதில்லை. ஸ்பார்க் நேரத்தைக் கம்ப்யூட்டர் முன்னேற்றும் சுற்று மட்டும் துண்டிக்கப்பட்டால், மாட்யூல் தன் அடிப்படை நேரத்திலேயே ஸ்பார்க்கைக் கொடுத்துக்கொண்டிருக்கும்; இன்ஜின் ஓடும், ஆனால் வலு இருக்காது. 42 என்ற எண் இதைத்தான் குறிக்கிறது. மாட்யூலைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே வெப்பத்தைக் கடத்தும் சிலிகோன் பசை காய்ந்து பொடியாகியிருந்தால், அல்லது யாரோ பசையே தடவாமல் பொருத்தியிருந்தால், மாட்யூல் தன் சூட்டிலேயே வெந்துகொண்டிருக்கிறது. பக்கத்தில் உள்ள, டிஸ்ட்ரிபியூட்டரின் சுழற்சியை உணரும் பிக்கப் காயிலின் மின்தடை 500 முதல் 1,500 ஓம் வரை இருக்க வேண்டும். மீட்டரைப் பார்த்தபடியே அதன் இரண்டு மெல்லிய வயர்களையும் அசைத்துப் பாருங்கள். ரப்பர் உறைக்குள் அறுந்திருக்கும் வயர் அப்போதுதான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

[காட்சி: டைமிங் லைட் ஒளியில் இன்ஜெக்டர் தெளிப்பு]

பெட்ரோல் அழுத்தம் இந்த அமைப்பில் 9 முதல் 13 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு). பிந்தைய இன்ஜின்களோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. ஆகவே 2 பிஎஸ்ஐ சரிந்தாலே இழுவையில் தெரியும். அழுத்தமானியைப் பெட்ரோல் குழாயில் இணைத்து, வண்டிக்குள் பெட்ரோலைக் கொண்டுவராமல், கண்ணாடிக்கு வெளியே கட்டிவைத்து, உதவிக்கு ஒருவரை அருகில் அமர்த்தி, மேட்டில் ஓட்டியபடி பாருங்கள். நின்ற இடத்தில் 12 காட்டும் பம்ப், சூடேறிய பின் பளுவோடு ஏறும்போது 7-க்கு இறங்குவதுண்டு. ஸ்பார்க்கோடு சேர்ந்து மின்னும் டைமிங் லைட்டை இன்ஜெக்டர் மீது அடித்தால், தெளிப்பு உறைந்து நிற்பது போலத் தெரியும். ஒழுங்கான கூம்பு வடிவத்தில் இல்லாமல் சொட்டுகிறது என்றால் குறை அந்த இன்ஜெக்டரில் இருக்கலாம். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருந்தால், இன்ஜினின் உறிஞ்சுதலை அளக்கும் வேக்குவம் கேஜில் ஐடிலிங்கில் 17 முதல் 21 பாதரச அங்குலம் வரை நிற்கும் முள், நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பிடித்து வைத்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கும். உறுதிப்படுத்த, ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றிய துளையில் அழுத்தமானியை இணைத்து அதே 2,500 சுற்றில் பாருங்கள், 1.25 பிஎஸ்ஐக்கு மேல் போனால் வழி அடைபட்டிருக்கிறது. புதிய கன்வெர்ட்டர் மாட்டுவதற்கு முன், பழையது ஏன் உருகியது என்று கேட்பது அவசியம். பெட்ரோல் மிகுந்த கலவை சரிசெய்யப்படாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும்.

இஜிஆர் வால்வு, ஏர் கிளீனரின் சூடான காற்று மடல் ஆகியவற்றை எளிதில் பார்த்துவிடலாம். குளிர்ந்த காற்று வரும் வழியை மடல் மூடியபடியே சிக்கியிருந்தால், மேனிஃபோல்டைச் சுற்றிய சூடான காற்றையே இன்ஜின் தொடர்ந்து உறிஞ்சும். குறை இன்ஜினில்தானா என்ற ஐயம் எழுந்தால், ஓட்டி முடித்ததும் நான்கு சக்கரங்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரத்தின் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

[காட்சி: ஃபியூஸ் பெட்டி]

பழுது பார்த்த பின், சாவியை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டரின் ஃபியூஸை அரை நிமிடம் எடுத்து வைத்துப் பழைய எண்களை அழியுங்கள். பிறகு அதே மேட்டில், அதே சூட்டில், முதலில் குறித்துவைத்த பெட்ரோல் அழுத்தத்தையும் வேக்குவம் அளவையும் மீண்டும் எடுத்து ஒப்பிடுங்கள்.