பெண் பார்ப்பதும் பெண்ணைப் பார்ப்பதும்

நேயர்களுக்கு வணக்கம். பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகாது, யாராவது கேட்டுவிடுவார்: "சார், 'எ' எங்கே போடணும், 'தி' எங்கே போடணும்? தமிழில்தான் இதெல்லாம் கிடையாதே?"

'தி'க்கு நேரான சொல் நம்மிடம் இல்லைதான். ஆனால் அது செய்கிற வேலையை நாம் தினமும் செய்கிறோம். "பெண் பார்க்கப் போகிறோம்" என்று ஒரு வீட்டில் சொன்னால் என்ன அர்த்தம்? வரன் தேடுகிறார்கள். "பெண்ணைப் பார்க்கப் போகிறோம்" என்றால்? ஹாஸ்டலில் படிக்கிற மகளாக இருக்கலாம். நடுவில் இருப்பது ஓர் 'ஐ', அவ்வளவுதான். "பேனா வாங்கினேன்" என்றால் ஏதோ ஒரு பேனா; அதற்கு 'எ'. "பேனாவை வாங்கினேன்" என்றால் நாம் முன்பே பேசிய பேனா; அதற்கு 'தி'.

இந்த 'ஐ' எல்லா இடத்திலும் கைகொடுக்காது. ஆட்களைப் பற்றிப் பேசினால், தெரிந்தவரோ தெரியாதவரோ, பெரும்பாலும் 'ஐ' வந்தே தீரும். பெண் பார்ப்பது, ஆள் தேடுவது போலச் சில இடங்கள்தான் விலக்கு. எழுவாயில் அது வரவே வராது. "பஸ் வந்துவிட்டது" என்கிறோம். நாம் காத்திருந்த பஸ்ஸா, ஏதோ ஒரு பஸ்ஸா? நமக்கு அது மனசுக்குள் இருந்தால் போதும். ஆங்கிலம் அதை வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறது.

அப்புறம், 'எ'யா 'ஆன்'னா? ஏ, ஈ, ஐ, ஓ, யூ வந்தால் 'ஆன்' என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். அதை நம்பி 'ஆன் யுனிவர்சிட்டி' என்று எழுதுகிறோம். எழுத்தை விடுங்கள், காதில் விழுவதுதான் கணக்கு. ஓர் ஊர், ஒரு யானை என்று எழுதுகிறோம் இல்லையா? யானைக்கு 'ஒரு' என்றால் யுனிவர்சிட்டிக்கு 'எ'. எம்.எல்.ஏ. உயிரொலியில் தொடங்குகிறார், அவருக்கு 'ஆன்'. ஹவரில் 'ஹ' ஒலிக்கவே ஒலிக்காது, அதற்கும் 'ஆன்'.

நம் 'ஒரு'வைப் போலவே இந்த 'ஆன்', 'எ' இரண்டும் ஒன்று என்ற எண்ணோடு சொந்தம் உள்ளவைதான். பழைய ஆங்கிலத்தின் 'ஒன்று' தேய்ந்து 'ஆன்' ஆனது. மெய்யொலிக்கு முன்னால் 'ன்'னையும் இழந்து 'எ' ஆனது. அந்த 'ன்' செய்த குழப்பத்தில் ஒரு சொல்லே உருமாறிவிட்டது. சமையலறையில் கட்டிக்கொள்ளும் ஏப்ரன் முதலில் 'நேப்ரன்', நாப்கினுக்குச் சொந்தம். 'எ நேப்ரன்' என்பதை ஆங்கிலம் பேசியவர்களே 'ஆன் ஏப்ரன்' என்று பிரித்துக் கேட்டார்கள், அதுவே நிலைத்துவிட்டது. இதைச் சொன்னதும் வகுப்பில் எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி வரும்!

சரி, ஓர் எச்சரிக்கை. ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதி, முதலெழுத்து உயிரா என்று பார்க்கச் சொல்வேன். 'ஒன்வே'யில் அது காலை வாரிவிடும். ஆங்கிலத்தில் அது 'வ' ஒலியில் தொடங்குவதால் 'எ' தான் சரி. "சார், போர்டில் 'ஒ' என்றுதானே எழுதியிருக்கு?" என்று மாணவர் ஒருவர் விடாமல் வாதாடினார். ஆமாம், போர்டில் 'ஒ' தான். வணக்கம்.