வளவுல பாட்டு புரியலையா? பாக்ஸைக் கூட்டாதீங்க, ஜமுக்காளத்தைக் கட்டுங்க

மக்களே வணக்கம். அதே மொட்டைமாடி, அதே மஞ்சப்பை. பைக்குள்ள என்ன இருக்குன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும், புதுசா வந்தவங்களுக்குப் போகப் போகச் சொல்றேன். இன்னைக்கு நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். "பாட்டு புரியல, இன்னும் ரெண்டு பாக்ஸ் போடச் சொல்லுங்க." இதைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. செட்டிநாட்டுல கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை, எந்த ஊரு வீட்டுக்குள்ள கச்சேரி வச்சாலும் யாராவது ஒருத்தர் மிக்ஸர் பக்கத்துல வந்து நின்னு இதைச் சொல்லிடுறாங்க.

வளவுல, அதாவது அந்தப் பழைய வீட்டோட நடு முற்றத்துல, பாட்டு புரியலைன்னா சத்தம் பத்தலைன்னு அர்த்தம் இல்ல. சத்தம் கூடிப்போச்சுன்னு அர்த்தம்.

அந்த வீடு எப்படிக் கட்டியிருக்குன்னு பாருங்க. தரையில ஆத்தங்குடிக் கல்லு, சுவர்ல முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைச்ச சுண்ணாம்புப் பூச்சு, கைய வச்சா வழுக்கும். தூணு கல்லு, இல்லைன்னா பர்மா தேக்கு. சத்தத்தைக் குடிக்கறதுக்கு அங்க ஒண்ணுமே கிடையாது, எல்லாமே திருப்பி அடிக்கும். திறந்த வளவா இருந்தாலாவது பாதி சத்தம் வானத்துக்குப் போயிடும். இப்ப மழைக்குப் பயந்து மேல ஷீட் போட்டு மூடிடுறாங்களா, போகவும் வழியில்ல. பாக்ஸ்லருந்து நேரா வர்ற சத்தம் தூரம் போகப் போகக் குறையும், தூரம் ரெண்டு மடங்கானா 6 டெசிபல் இறங்கும். ஆனா சுவர்ல அடிச்சுச் சுத்துற சத்தம் வீடு முழுக்க ஒரே அளவுல நிக்கும். இதுல நீங்க வால்யூமைக் கூட்டினா ரெண்டும் சேர்ந்துதான் ஏறும். பின்வரிசையில இருக்கற ஆச்சிக்கு வார்த்தை புரியாது, காது மட்டும் வலிக்கும்.

அதனால வீட்டுக்குள்ள போனதும் முதல் வேலை, வளவு நடுவுல நின்னு ஓங்கி ஒரு கை தட்டுங்க. ஒரே ஒரு தட்டு. அது அடங்க எவ்வளவு நேரம் ஆகுதுன்னு கேளுங்க. ஒரு செகண்டுக்குள்ள அடங்கிட்டா பிரச்சினை இல்ல. ரெண்டு செகண்டு இழுத்துச்சுன்னா கணக்குப் போட்டுப் பாருங்க. நிமிஷத்துக்கு 120 பீட்ல போற குத்துப்பாட்டுல ஒரு பீட்டுக்கு அரை செகண்டு. முதல் அடி அடங்கறதுக்குள்ள அடுத்த நாலு அடி விழுந்துடும், எல்லாம் சேர்ந்து கூழாயிடும். அந்த மாதிரி வீட்டுல மெலடியை நிறைய வைங்க. குத்துப்பாட்டு கட்டாயம் வேணும்னு கேட்டா, கூட்டம் நிரம்பின பிறகு வைங்க. ஆளுங்க உடம்பும் உடுத்தியிருக்கற துணியும் சத்தத்தைக் குடிக்கும்.

சரி, இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஜமுக்காளம்! இந்த வாரம் ஒரு சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாண) வீட்டுல மூணு செகண்டு இழுத்த வளவை அடக்கினது இதுதான், அந்த சந்தோஷத்துலதான் இந்த வீடியோவே. பந்தல்காரர்கிட்ட ஒரு ஜமுக்காளம் வாடகை 60 ரூபா. எட்டு எடுத்தா 480. கூட ரெண்டு பாக்ஸும் அதுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயரும் வாடகைக்கு எடுத்தா நாலாயிரத்துக்கு மேல போகும். 480 எங்க, நாலாயிரம் எங்க! அதுலயும் நாலாயிரம் கொடுத்தா கெடுதல், 480 கொடுத்தா நல்லது. இதை எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லுவேன். 480 ரூபா.

எப்படிக் கட்டணும்னு நல்லாக் கவனிங்க, இங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. குழுவுக்குப் பின்னாடி இருக்கற சுவர்தான் முக்கியம். ஜமுக்காளத்தைச் சுவரோட ஒட்டித் தொங்கவிட்டா பலன் ரொம்பக் கம்மி. சுவரை ஒட்டின இடத்துல காத்து ஆடாது, சுவர் தடுத்துடும். துணி சத்தத்தைக் குடிக்கணும்னா காத்து அதுக்குள்ள போய்ப் போய் வரணும். அதனால சுவர்லருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டுங்க. ஒரு சாண்ங்கறது ஏறக்குறைய 23 சென்டிமீட்டர். அந்த இடைவெளியில 370 ஹெர்ட்ஸ் பக்கத்துலருந்தே நல்லா பிடிக்கும். வளவுல குரல் கொழகொழன்னு ஆகறது அந்த இடத்துலதான். ரெண்டா மடிச்சுப் போடுங்க, விறைப்பா இழுத்துக் கட்டாம மடிப்பு மடிப்பா விடுங்க. 10 அடி சுவருக்கு 20 அடி துணி வேணும். குழு இருக்கற தரையில ஒண்ணு விரிச்சு அதுமேல தாளக் கருவிங்களையும் மானிட்டரையும் (பாடகர் தன் குரலைக் கேக்கற பாக்ஸ்) வைங்க.

பேஸ் சத்தத்துக்கு, அதாவது தும்முனு வர்ற அடிச் சத்தத்துக்கு, இது உதவாதுங்கறதையும் சொல்லிடுறேன். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ ஜமுக்காளம் இருக்கறதே அதுக்குத் தெரியாது. பேஸுக்கு ஒரே வழி, பேஸுக்குன்னே இருக்கற சப் பாக்ஸை மூலையில வைக்காம இருக்கறது. ஒவ்வொரு சுவரும் பேஸைத் தூக்கிக் கொடுக்கும், மூலையில ரெண்டு சுவரும் தரையும் சேர்ந்துடும்.

ஆணி மட்டும் அடிச்சுடாதீங்க, கையெடுத்துக் கும்பிடுறேன். அந்தப் பூச்சு ஒரு தடவை பெயர்ந்தா அதே மாதிரி ஒட்டுப்போட ஆளு கிடைக்கறது கஷ்டம். தூணுக்குத் தூணு கயிறு கட்டுங்க. கயிறு தூணைத் தொடுற இடத்துல பழைய வேட்டித் துணியைச் சுத்திட்டு அதுமேல கட்டுங்க, தேக்குல கீறல் விழாது. ஜமுக்காளத்தைக் கயித்துல மாட்டத்தான் மஞ்சப்பையில துணிக்கிளிப்பு. கட்டறதுக்கு முன்னாடி வீட்டு ஆச்சிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

அடுத்து பாக்ஸ் வைக்கிற முறை. பெரிய பாக்ஸ் ரெண்டை முன்னாடி வச்சுப் பின்வரிசை வரைக்கும் தள்ளப் பார்க்காதீங்க. 12 இன்ச் பாக்ஸ் ரெண்டு முன்னாடி, சின்னதா ரெண்டு பாதி வழியில. ஸ்டாண்டுல உயர்த்தி வச்சு, மூஞ்சியைக் கொஞ்சம் கீழ சாய்ச்சு விடுங்க. சத்தம் ஆளுங்க மேல விழணும், எதிர்ச் சுவர்ல விழக் கூடாது. பாதி வழி பாக்ஸுக்கு டிலே கட்டாயம், அதாவது அதோட சத்தத்தைக் கொஞ்சம் தாமதிச்சு விடணும். சத்தம் ஒரு மீட்டர் போக 3 மில்லிசெகண்டு கிட்ட ஆகும். 15 மீட்டர் தள்ளி இருந்தா 44 மில்லிசெகண்டு. அதோட ஒரு 10, 15 சேர்த்து 55, 60ன்னு வைங்க. முன்னாடி பாக்ஸ் சத்தம் காதுக்கு முதல்ல போய்ச் சேரணும், அப்பத்தான் பாட்டு மேடையிலருந்து வர்ற மாதிரியே இருக்கும். டேப் இல்லைன்னா அடிக்கு ஒரு மில்லிசெகண்டுன்னு எண்ணிப் போட்டுடுங்க, ஓரளவு சரியா வரும்.

ஆங், ஜமுக்காளத்துல ஒண்ணு விட்டுப்போச்சு. குத்துவிளக்கு! மேடை ஓரத்துல ஏத்தி வச்சிருப்பாங்க. தொங்குற துணிக்கும் விளக்குக்கும் பத்தடியாவது தள்ளி இருக்கணும். பெடஸ்டல் ஃபேன் ஓடுச்சுன்னா துணி பறக்கும், அதனால துணியோட கீழ் விளிம்புலயும் கயிறு ஓட்டி, ரெண்டு பக்கமும் தூணுல கட்டிடுங்க.

பாடகர்கள் விஷயத்துக்கு வர்றேன். "எக்கோ போடுங்கண்ணே"ன்னு கேக்காத பாடகர் கிடையாது. அவங்களுக்குக் குரல் வறண்டு கேட்டா பாட வராது, அது நியாயம்தான். ஆனா வளவுல வீடே எக்கோ கொடுக்குது, அதுமேல நீங்களும் ரிவெர்ப் போட்டா முடிஞ்சுது. மெயின் பாக்ஸுக்குப் போற ரிவெர்பை முழுசா மூடிடுங்க. பாடகரோட மானிட்டருக்கு மட்டும், இயர்போன் இருந்தா ரொம்ப நல்லது, கொஞ்சம் அனுப்புங்க. அவரும் சந்தோஷமாப் பாடுவார், கூட்டத்துக்கும் வார்த்தை புரியும்.

மைக்குல 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடுங்க. பாக்ஸ் விசிலடிச்சா மைக் எந்த வகைன்னு முதல்ல பாருங்க. ஷூர் எஸ்எம்58 கார்டியாய்டு, அதாவது முன்னாடி நல்லாக் கேக்கும், நேர் பின்னாடி காது கேக்காது, அதனால அதுக்கு மானிட்டர் நேர் பின்னாடி இருக்கணும். பீட்டா 58ஏ சூப்பர்கார்டியாய்டு, அதுக்கு நேர் பின்னாடி கொஞ்சம் காது உண்டு, மானிட்டரைப் பக்கவாட்டுல சாய்ச்சு வைக்கணும். எந்த மைக்கா இருந்தாலும் தலையைக் கையால பொத்திப் பிடிச்சா எல்லாப் பக்கமும் கேக்க ஆரம்பிச்சுடும், அப்புறம் ஊளைதான். புதுசாப் பாட வர்ற தம்பிங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்க, ஸ்டைலுக்காகப் பொத்திப் பிடிக்கறாங்க.

முழு டிரம் செட்டை மூடின வளவுக்குள்ள கொண்டு போறதை நான் ஒத்துக்கவே மாட்டேன். மைக்கே இல்லாம அது வீட்டை நிரப்பிடும், பாடகர் மைக்குக்குள்ளயும் நுழைஞ்சுடும். ரிதம் பேட், தபேலா, டோலக் போதும்.

கரண்ட். இதுல விளையாட்டே கிடையாது. பழைய வீட்டு பிளக்குல நிறைய இடத்துல எர்த்தே இருக்காது, ரெண்டு ஓட்டைதான். ஜெனரேட்டர்லருந்து தனி லைன் கேளுங்க. எதையும் சொருகறதுக்கு முன்னாடி மஞ்சப்பையிலருந்து மல்டிமீட்டர். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 220லருந்து 240 வோல்ட் வரைக்கும் இருக்கணும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல காட்டினா எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. மூணு ஃபேஸ் லைன்ல நியூட்ரல் கழண்டா என்ன ஆகும் தெரியுமா? ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல இருக்கற 415 வோல்ட்டை அதுல இருக்கற சாமான்கள் பங்கு போட்டுக்கும். லோடு அதிகமா இருக்கற பக்கம் வோல்டேஜ் இறங்கும், கம்மியா இருக்கற பக்கம் ஏறும். கம்மி லோடு யாரு? கீபோர்டும் மிக்ஸரும்தான். சமையல்கட்டுல கிரைண்டர் திணறும், மேடையில அடாப்டர் புகையும். அதனால நியூட்ரல் முடிச்சைக் கண்ணால பாருங்க, லேசா இழுத்துப் பாருங்க. மேடைக்கு ஒரு ஃபேஸ், சீரியல் லைட்டுக்கு வேற ஃபேஸ். டிம்மர் லைட்டு ஒரே லைன்ல இருந்தா கிட்டார்ல கொர்ருன்னு கேக்கும்.

கிட்டார் வாசிக்கறவரே பாடவும் செஞ்சா, மைக் வலைக்கும் கிட்டார் கம்பிக்கும் நடுவுல மீட்டரை ஏசி வோல்ட்டுல வச்சுப் பாருங்க. ஏதாவது காட்டினா அவர் உதடு மைக்ல படக் கூடாது. கிட்டார் ஆம்ப்பும் மிக்ஸரும் ஒரே எர்த்துல வர்ற வரைக்கும் ஆரம்பிக்காதீங்க. எர்த் பின்னை ஒடிச்சுட்டு "இரைச்சல் நின்னுடுச்சு"ன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க. இரைச்சலுக்கு டிஐ பாக்ஸ்ல (கிட்டார், கீபோர்டு வயரை மிக்ஸரோட இணைக்கற சின்னப் பெட்டி) கிரவுண்டு லிஃப்ட் பட்டன் இருக்கு, போன வீடியோவுல காட்டினேன். எர்த் பின்னை ஒடிக்கறது உயிருக்கு ஆபத்து.

கோயில் பொட்டல்ல வாசிக்கறது இதுக்கு நேர் எதிர். எதிரொலி கிடையாது, ஆனா பனி உண்டு. மாசி பங்குனியில காரைக்குடி மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா சமயத்துல ராத்திரி தோலு நமுத்துத் தபேலா சுதி இறங்கும். ஏழு மணிக்குச் சேர்த்த சுதி ஒன்பது மணிக்கு இருக்காது. பாட்டுக்கு நடுவுல மூடி வைங்க, இடைவேளையில மறுபடி சேருங்க. பறையைத் தீயில காட்டற மாதிரி தபேலாவைக் காட்டிடாதீங்க, நடுவுல இருக்கற கருப்பு மை வெடிச்சுடும்.

நேரத்தையும் சொல்லிடுறேன். 2000ஆம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணியிலருந்து காலையில 6 மணி வரைக்கும் பொது இடத்துல ஒலிபெருக்கி கூடாது. திருவிழா மாதிரி நாளுக்கு 12 மணி வரைக்கும் மாநில அரசு தளர்த்தலாம், அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல இல்ல. அதனால கேட்டு வாங்குற பாட்டையெல்லாம் ஒன்பதே முக்காலுக்கு அடுக்காதீங்க, ஒன்பதுக்கே பாடி முடிங்க.

புக் பண்ண ஃபோன் வரும்போதே நாலு கேள்வி கேட்டுடுங்க. வளவு திறந்ததா, மேல மூடினதா? மேடை எந்தச் சுவரை ஒட்டி வருது? ஜெனரேட்டர் யாரோடது, எர்த் கம்பி அடிச்சிருக்காங்களா? கூட்டம் வர்றதுக்கு முன்னாடி சவுண்டு செக்குக்கு ஒரு மணி நேரம் கிடைக்குமா? ஒரு மணி நேரம் கிடைக்காதுன்னா அரை மணி நேரமாவது வாங்குங்க. காலி வீட்டுல செக் பண்ணும்போது ட்ரெபிள் (கீச்சுன்னு வர்ற மேல் சத்தம்) கூடுதலாத்தான் கேக்கும், பயந்து வெட்டிடாதீங்க, ஆளு நிரம்பினதும் அது தானா இறங்கிடும். ஜமுக்காளத்தை அதுக்கு முன்னாடியே கட்டி வச்சிருங்க, பந்தல்காரர்கிட்ட முதல் நாளே சொல்லிட்டீங்கன்னா பந்தல் சாமானோடவே வந்து இறங்கிடும்.