‘வேண்டாம்’ என்பவரிடம் சான்று கேட்காதீர்கள்

மதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, எனக்கு முன் பேசி என் வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்ட பேராசிரியர் அவர்களே, ஓடியாடி இந்தக் கூட்டத்தைக் கூட்டிய அறிவியல் மன்றச் செயலாளர் அவர்களே, இடமில்லாமல் நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

நெருப்பு, காற்று, பாராசூட், ரப்பர் வளையம் என்று நான்கு செய்திகள் சொல்வதாகத் தலைவரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

‘கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்’ என்பார்கள். விண்கலப் பாதுகாப்பு விதிகளில் பெரும்பாலானவை அப்படி வந்தவைதாம்.

1967 ஜனவரி 27. அமெரிக்காவின் அப்போலோ 1 விண்கலம் ஏவுதளத்தில் நிற்கிறது. ராக்கெட்டில் எரிபொருள் இல்லை, வெறும் ஒத்திகை. அதனால் ‘ஆபத்தான சோதனை’ப் பட்டியலிலேயே அதைச் சேர்க்கவில்லை. வீரர்கள் இருந்த அறைக்குள்ளோ வெளிக்காற்றைவிடச் சற்றுக் கூடுதல் அழுத்தத்தில் தூய ஆக்சிஜன். அதில் நைலான் வலையும் வெல்க்ரோ பட்டையும் பஞ்சாகப் பற்றும். கதவு உள்பக்கம் திறப்பது. தீயால் அழுத்தம் ஏறியதும், அந்த அழுத்தமே கதவைச் சட்டத்தோடு இறுக்கிவிட்டது. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே அதைத் திறக்க 90 நொடி ஆகும். ‘தீ’ என்ற முதல் குரலுக்கும் கடைசிக் குரலுக்கும் இடையே இருந்தது சுமார் 17 நொடி. உள்ளே இருந்த விண்வெளி வீரர்கள் கிரிஸம், ஒயிட், சாஃபி மூவரும் போன பிறகுதான், சில நொடிகளில் வெளிப்பக்கம் திறக்கும் கதவு வந்தது. ஏவுதளத்தில் 60 விழுக்காடு ஆக்சிஜன், 40 விழுக்காடு நைட்ரஜன் என்ற கலவையும் வந்தது.

காற்று விஷயம் இன்னும் கொடுமை. 1971 ஜூனில் சோவியத் விண்கலம் சோயுஸ் 11 பூமிக்குத் திரும்புகிறது. தரையை நெருங்கும்போது திறக்கவேண்டிய காற்று வால்வு, கலப்பகுதிகள் பிரிந்த அதிர்ச்சியில் 168 கி.மீ. உயரத்திலேயே திறந்துகொண்டது. அழுத்த உடை அணிந்தால் மூவர் உட்கார இடமில்லை என்று உடையில்லாமலே அனுப்பியிருந்தார்கள். மூவரும் இறந்தார்கள். பிறகு உடை வந்தது, இருக்கை இரண்டானது. கண் கெட்ட பிறகு!

ரப்பர் வளையத்துக்கு வருகிறேன். 1986 ஜனவரி 27 இரவு. அமெரிக்க விண்வெளி ஓடம் சேலஞ்சர் மறுநாள் புறப்பட வேண்டும், கடுங்குளிர். ஓடத்தைத் தூக்கும் பக்கவாட்டு ராக்கெட்டுதான் பூஸ்டர்; அதன் இணைப்புகளில் சூடான வாயு கசியாமல் அடைப்பது ரப்பர் வளையம், குளிரில் அது விறைத்துவிடும். பூஸ்டர் செய்த தயோகோல் நிறுவனப் பொறியாளர்கள் தொலைபேசிக் கூட்டத்தில், “53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 12 செல்சியஸுக்குக் கீழே ஏவாதீர்கள்” என்கிறார்கள். முந்தைய ஆண்டு ஒரு குளிர்நாள் பயணத்தில் சூடான வாயு வளையத்தைத் தாண்டிக் கசிந்து கரி படிந்திருந்தது. மறுமுனையில் நாசா அதிகாரி கேட்டாராம்: “பின்னே எப்போதுதான் ஏவச் சொல்கிறீர்கள், அடுத்த ஏப்ரலிலா?” தயோகோல்காரர்கள் ஐந்து நிமிடம் அவகாசம் கேட்டார்கள், அந்த ஐந்து நிமிடம் அரை மணி நேரமாயிற்று. அங்கே மேலாளர் ஒருவர், பொறியியல் பிரிவுத் தலைவரைப் பார்த்து, “பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போடு” என்றார். தொப்பி மாறியது, முடிவும் மாறியது! ஏவுதளத்தில் இருந்த அந்நிறுவனத்தின் ஆலன் மெக்டொனால்ட் ஏவலாம் என்று கையெழுத்திட மறுத்தார். வேறொருவர் கையெழுத்து தொலைநகலில் வந்தது. மறுநாள் சுமார் 2 செல்சியஸில் ஏவினார்கள். 73 நொடியில் ஏழு பேர் போனார்கள். பின்னர் விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ஃபைன்மன், கவ்வியில் இறுக்கிய ரப்பர்த் துண்டை விசாரணை மேடையிலேயே பனிநீரில் முக்கி எடுத்துக் காட்டினார். விடுவித்த பிறகும் அது உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. குவளைத் தண்ணீரில் தெரிகிற உண்மை!

கவனியுங்கள். அந்த இரவில் “பாதுகாப்பானது என்று காட்டு” என்று யாரும் கேட்கவில்லை. “ஆபத்து என்று நிரூபி” என்றார்கள். ஏவ உத்தரவிட்ட மேல்மட்டத்துக்கு இந்த வாதம் போய்ச் சேரவே இல்லை.

2003இல் கொலம்பியா விண்வெளி ஓடத்திலும் இதே கதைதான். ஏவும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த முக்கால் கிலோ நுரைத் துண்டு இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. படம் எடுத்துப் பாருங்கள் என்று பொறியாளர்கள் கேட்டுக் கேட்டுப் பார்த்தார்கள், நடக்கவில்லை. பிப்ரவரி 1 அன்று, திரும்பும் வழியில், கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் போனார்கள். அதன்பின் ஒவ்வொரு பயணத்திலும் நீண்ட கைக்கருவியால் வெப்பக்கவசத்தைப் பார்த்தார்கள். கண் கெட்ட பிறகு!

ஆகவே இந்த மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகிறேன். மனிதரை ஏற்றும் எந்த ஏவலிலும், ‘வேண்டாம்’ என்ற பொறியாளரின் சொல் எழுத்தில், பெயரோடு, இறுதி உத்தரவிடுபவரின் மேசைக்குப் போகவேண்டும். பாதுகாப்புப் பிரிவின் சம்பளமும் பதவி உயர்வும் திட்ட மேலாளர் கையில் இருக்கக்கூடாது.

தலைவர் மணியடித்துவிட்டார். பாராசூட் சரியாக விரியாமல் இறந்த சோவியத் வீரர் கொமரோவின் கதை சொல்லாமல் நின்றுபோயிற்று, பொறுத்தருள்க. தீர்மானப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது, கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள். வணக்கம்.