"சீட்டை ஏத்திக்கலாம் சார்!"

நேயர்களுக்கு வணக்கம்.

ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒருவர் சைக்கிள் கடைக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழுவது, "சீட்டை ஏத்திக்கலாம் சார்" என்பதுதான். நான் ஆறடி இரண்டு அங்குலம். கோவையில் பல கடைகளில் இதைக் கேட்டிருக்கிறேன். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. 17 அங்குல ஃபிரேம்தான் (சீட்டைத் தாங்கும் தண்டு நுழைகிற சீட் குழாயின் நீளம் அது) நிறைய விற்கும், அதைத்தான் அவர் வாங்கி அடுக்குவார். 19 தேடினால் கிடைக்கும். 21 கேட்டால், "அட்வான்ஸ் குடுங்க, வரவழைச்சுத் தரேன்" என்பார். என்னைக் கேட்டால், அட்வான்ஸ் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

நான் பேசுவது ஹார்ட்டெயில் மவுண்டன் பைக்கைப் பற்றி. முன்சக்கரத்துக்கு மட்டும் சஸ்பென்ஷன், பின்பக்கம் அசையாத ஃபிரேம். இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள வண்டி கரடுமுரடான இறக்கத்தில் சுகமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதில் பேரிங்கும் மூட்டும் அதிகம், விலையும் அதிகம். திங்கள் முதல் வெள்ளி வரை வேலைக்கு, ஞாயிற்றுக்கிழமை ஆழியாறிலிருந்து வால்பாறை ஏற்றம், லீவு கிடைத்தால் செம்மண் பாதை. இத்தனைக்கும் ஒரே வண்டி வேண்டும் என்றால் ஹார்ட்டெயில்தான் பொருத்தம்.

சரி, சீட்டுக்கு வருவோம். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள். கால்களுக்கு இடையில் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தை, சீட்டில் உட்கார்ந்தால் அழுத்துகிற அளவுக்கு மேலே தள்ளிப் பிடியுங்கள். அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் அது உங்கள் கால் நீளம். அதை 0.883-ஆல் பெருக்க வேண்டும். டூர் டி பிரான்ஸ் வென்ற கிரெக் லெமாண்ட் பிரபலமாக்கிய கணக்கு இது. கால் நீளம் 93 சென்டிமீட்டர் என்றால் விடை 82. கிராங்க், அதாவது பெடல் மாட்டிய கை, சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் அது. ஆரம்பக் கணக்குதான். ஓட்டிப் பார்த்துக் கொஞ்சம் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

இப்போது அந்த 17 அங்குல வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சீட் குழாய் சுமார் 43 சென்டிமீட்டர். 82-இல் 43 போனால் 39. சீட்டும் அதன் அடிக் கம்பியும் ஒரு 5 எடுத்துக்கொள்ளும். ஆக, போஸ்ட், அதாவது சீட்டைத் தாங்கும் தண்டு, 34 சென்டிமீட்டர் வெளியே நிற்கும். குழாய்க்குள் குறைந்தது 10 சென்டிமீட்டராவது இறங்கியிருக்க வேண்டும். மொத்தம் 44. வண்டியோடு வருகிற போஸ்ட் பெரும்பாலும் 35, மிஞ்சினால் 40. போஸ்டில் ஒரு கோடு போட்டு, இதற்கு மேல் இழுக்காதே என்று எழுதியிருப்பார்கள். அதைத் தாண்டி இழுத்து ஓட்டினால் ஒருநாள் போஸ்ட் வளையும், இல்லாவிட்டால் கிளாம்ப் பக்கத்தில் ஃபிரேம் விரிசல் விடும். பிறகு வெல்டிங் பட்டறைக்கு அலைய வேண்டியதுதான்.

நீளமான போஸ்ட் வாங்கிப் போட்டால் போதாதா? போதாது. சீட் குழாய் நேர்ச்செங்குத்தாக நிற்பதில்லை, பின்பக்கம் சாய்ந்திருக்கிறது. சீட்டை ஏற்ற ஏற்ற அது பின்னாலும் போகிறது. 82 சென்டிமீட்டர் உயரத்தில், குழாயின் கோணம் 75 டிகிரிக்குப் பதில் 73 ஆக இருந்தால் சீட் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் பின்னால் விழுகிறது. உங்கள் எடை பின்சக்கரத்தின் தலையில். வால்பாறை ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. தார் ரோடு என்பதால் அங்கே சமாளித்துவிடலாம். அதே சரிவு மண் பாதையில் வந்தால் முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பப் பார்க்கும், ஹேண்டில் சொன்ன பேச்சு கேட்காது. கம்பெனிகள் அச்சடிக்கும் சீட் கோணம் பெரும்பாலும் நடுத்தர உயரத்தில் சீட் இருப்பதாக வைத்துச் சொல்வது. வளைந்த குழாய் உள்ள ஃபிரேம்களில் உண்மையான கோணம் அதைவிடச் சாய்வாக இருக்கும். அதனால் நெட்டையானவர்கள் 74 டிகிரிக்குக் குறைந்த வண்டியைச் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

இன்னொரு கேடும் இருக்கிறது. சீட் மேலே போய்விட்டது, ஹேண்டில்பார் இருந்த இடத்திலேயே இருக்கிறது. குனிந்து ஓட்ட வேண்டும். அரை மணி நேரத்தில் உள்ளங்கை மரத்துப்போகும், கழுத்து பிடிக்கும். அடுத்தவர் சட்டையில் கையை மட்டும் நீட்டித் தைத்துப் போட்டுக்கொண்ட மாதிரிதான்.

ஆகவே சீட் குழாயின் அங்குலக் கணக்கை விட்டுவிடுங்கள். கேட்க வேண்டியவை இரண்டு எண்கள்: ரீச், ஸ்டேக். கிராங்க் அச்சிலிருந்து நேர் மேலே ஒரு கோடு போனதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஃபிரேமின் முன் முனையில் ஹேண்டில் திரும்புகிற குழாயின் உச்சி அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். அச்சிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டேக். ஆறடி இரண்டு, ஆறடி மூன்று உயரக்காரருக்கு இன்றைய ஹார்ட்டெயிலில் ரீச் 480 முதல் 500 மில்லிமீட்டர், ஸ்டேக் 640-க்கு மேல் என்று தேடலாம். பெடல் மேல் எழுந்து நின்று இறக்கத்தில் போகும்போது ரீச் பேசும். உட்கார்ந்து மிதிக்கும்போது, சீட்டிலிருந்து ஹேண்டில் வரை உள்ள கிடைமட்ட தூரம் பேசும். ஊருக்குள் அதிகம் ஓட்டுகிறவர் இரண்டாவதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்புறம், ஒரே உயரம் உள்ள இரண்டு பேருக்கு ஒரே வண்டி பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. எனக்குக் கால்தான் நீளம், உடம்பு குட்டை. அதனால் ரீச்சைவிட ஸ்டேக்தான் எனக்கு முக்கியம்.

எக்ஸ்எல் என்ற எழுத்தை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். ஒரு கம்பெனியின் எக்ஸ்எல் இன்னொரு கம்பெனிக்கு எல். ட்ரெக் கம்பெனியின் மார்லின் போன்ற சில மாடல்களில் எக்ஸ்எக்ஸ்எல்கூட உண்டு. ஆனால் அது கடைவாசலில் நிற்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

சக்கரம் 29 அங்குலம். இதில் எனக்கு மறுபேச்சு இல்லை. 1970-களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில், டமால்பாய்ஸ் மலைச்சரிவில் பழைய ஷ்வின் சைக்கிள்களை இறக்கி ஓட்டிய கும்பலிலிருந்துதான் மவுண்டன் பைக் பிறந்தது. அந்தப் பழைய வண்டிகளில் 26 அங்குல பலூன் டயர் இருந்தது. அதனால் 26 நிலைத்துவிட்டது, வேறு பெரிய தத்துவம் எதுவும் இல்லை. 29 என்பது ரேஸ் சைக்கிளின் அதே 622 மில்லிமீட்டர் ரிம்மில் தடித்த மண் டயர். 1999-இல் டபிள்யூடிபி கம்பெனி அதற்கேற்ற டயர் போட்டது. மரின் கும்பலில் ஒருவரான கேரி ஃபிஷர் 29-ஐப் பிடிவாதமாகக் கடைக்குக் கொண்டுவந்தார். கிண்டல் செய்தவர்களும் உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் செக் நாட்டின் யாரோஸ்லாவ் குல்ஹாவி 29 அங்குலச் சக்கரத்தில் தங்கம் வென்றார். 27.5 அங்குலத்தில் ஓட்டிய ஸ்விஸ் வீரர் நினோ ஷூர்ட்டர் ஒரே ஒரு விநாடியில் தங்கத்தை இழந்தார். குட்டையான ஷூர்ட்டரே 2016 ரியோவில் 29-க்கு மாறித்தான் தங்கம் வாங்கினார். குட்டையானவருக்கு ஹேண்டில் ரொம்ப உயர்ந்துவிடுமே என்ற கவலை இருக்கும். நமக்கு அது வரமே. கிராங்க் அச்சு சக்கர அச்சைவிடக் கீழே இருப்பதால், வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி இல்லாமல் வண்டிக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஏழடி ஆட்களுக்காக டர்ட்டிசிக்ஸர் என்ற கம்பெனி 36 அங்குலச் சக்கரத்தில் செய்கிறது. பஞ்சரானால் டியூபுக்கு எங்கே போவது என்று யோசித்துவிட்டு ஆசைப்படுங்கள்.

உயரம் இருந்தால் எடையும் இருக்கும். 90 கிலோ ஆளுக்கு, விலை குறைந்த வண்டியில் வரும் கம்பிச் சுருள் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் கவை) சரிப்படாது. ஏறி உட்கார்ந்தாலே பாதி அமுங்கிவிடும், சுருளை மாற்றவும் வழி இருக்காது. காற்று அடைக்கும் ஃபோர்க் வாங்குங்கள். 120 மில்லிமீட்டர் பயணம், அதாவது அமுங்கும் தூரம், பல வேலைக்கும் போதும். நீங்கள் ஏறி நின்றால் அதில் 25 முதல் 30 மில்லிமீட்டர் அமுங்கட்டும், அந்த அளவுக்குப் பம்ப் அடியுங்கள். சக்கரத்தில் 32 ஸ்போக்ஸ் இருக்க வேண்டும், 28 வேண்டாம். முன் பிரேக் டிஸ்க் 180 மில்லிமீட்டர், ஹைட்ராலிக். வால்பாறையிலிருந்து திரும்பி இறங்கும்போது 160 டிஸ்க் சூடேறினால், கனமான ஆளுக்குத்தான் முதலில் பிரேக் தளரும்.

கியரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முன்னால் ஒரே 32 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 50 அல்லது 51. கொல்லிமலையின் 70 வளைவையும் உட்கார்ந்தபடியே ஏறலாம்.

பலவகைக்கும் உதவ வேண்டும் என்றால், கேரியரும் மட்கார்டும் மாட்ட ஃபிரேமில் திருகுத் துளை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். விலை ஏற ஏற இந்தத் துளைகள் காணாமல் போகின்றன, என்ன நியாயமோ! கூடவே இரண்டு ஜோடி டயர். மண்ணுக்கு 2.35 அங்குலத்தில் முட்டு வைத்தது, தாருக்கு 2 அங்குலத்தில் வழவழப்பானது. மாற்ற அரை மணி நேரம். காட்டுப் பாதை ஆசை உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. ஆனைகட்டிப் பக்கம் யானைக்கு உங்கள் சஸ்பென்ஷன் எத்தனை மில்லிமீட்டர் என்பதெல்லாம் தெரியாது.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஹேண்டில் மாட்டுகிற ஃபோர்க்கின் மேல் தண்டைக் கவனியுங்கள். முதல் சொந்தக்காரர் குட்டையாக வெட்டியிருந்தால் ஹேண்டிலை உயர்த்த வளையம் போட இடம் இருக்காது. இருந்தாலும், 10 மில்லிமீட்டர் வளையம் போட்டால் ரீச்சில் 4 மில்லிமீட்டர் குறைந்துவிடும். அதைவிட 30, 40 மில்லிமீட்டர் உயர்ந்து வளைந்த ஹேண்டில்பார் மாட்டுவது மேல்.

கடையில் ஓட்டிப் பார்க்கும்போது தெருவில் ஒரு சுற்று போனால் எதுவும் தெரியாது. 82-ஓ, உங்கள் கணக்கில் வந்ததோ, அந்த உயரத்துக்குச் சீட்டை அளந்து வைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு பாலம் ஏற்றம் இருந்தால் உட்கார்ந்தபடியே மிதித்து ஏறுங்கள். முன்சக்கரம் மிதக்கிறதா, மிதிக்கும் முட்டி ஹேண்டிலில் இடிக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று நடந்தாலும் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த அளவை வரவழைக்கச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.